பல்லாரட் தங்க நகரம்: எதை முதலில், எதை அடுத்து பார்ப்பது? இரண்டு நாளுக்கான முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து அப்பா அம்மா மெல்போர்ன் வந்தால் மூன்றாவது வாரமே கேள்வி வந்துவிடும்: "வேற எங்க கூட்டிட்டுப் போற?" கடற்கரைச் சாலை முடிந்திருக்கும், பென்குயின் பார்த்திருப்பார்கள். அடுத்து, 1850-களில் தங்க வேட்டை நடந்த பல்லாரட். என் பெற்றோர், மாமனார் மாமியார், நண்பர்களின் குடும்பங்கள் என்று பலரை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். முதல் இரண்டு பயணங்களில் நான் செய்த தவறுகளையே புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கிறேன்.

சாவரின் ஹில் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் அதன் மெயின் தெருவில் படம் எடுத்துக்கொண்டே காலையைக் கழிப்பார்கள். மதியம் ஓடையில் இறங்கிக் கை விறைக்கும்வரை மணலை அலசுவார்கள். சுரங்கத்துக்குப் போனால் கடைசிக் குழுவும் உள்ளே போயிருக்கும். தங்கம் வார்ப்பதைத் தவறவிட்டு, காலோய்ந்து நாலு மணிக்கு மேடு ஏறுவார்கள். ரயிலில் திரும்பும்போது ஒருவர் கேட்பார்: "அந்தத் தங்கம் நிஜமா அங்க இருந்துச்சா, இல்ல சும்மா செட்டா?"

இடத்தில் குறையில்லை, பார்க்கும் வரிசைதான் தவறு. பல்லாரட்டில் தங்கம் முதலில் ஓடை மணலில் கிடைத்தது. பிறகு மண்ணுக்கடியில் புதைந்த பழைய ஆற்றுப்படுகையில் கிடைத்தது. கடைசியில் பாறைக்குள்ளிருந்து உடைத்து எடுத்தார்கள். இந்த வரிசையிலேயே நீங்களும் நடந்தால் ஒவ்வொரு இடமும் அடுத்ததைத் தானே விளக்கிவிடும்.

1. எந்த நாள் என்று முடிவு செய்வது

பல்லாரட்டில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று சாவரின் ஹில்: 1850-களின் தங்க வேட்டைக் காலத்தை மீண்டும் கட்டிக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம், 1970-இல் திறந்தது. இன்னொன்று பல்லாரட் நகரம்: தங்கப் பணத்தில் எழுந்த நிஜக் கட்டடங்கள், தங்கம் தோண்டியவர்கள் உரிமக் கட்டணத்தை எதிர்த்து நடத்திய யுரேகா கிளர்ச்சியின் நிஜ இடம்.

பெரும்பாலோர் முதலாவதைப் பார்த்துவிட்டு ஊரே பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். முதல் நாள் சாவரின் ஹில், இரண்டாம் நாள் நகரம். ஒரே நாள்தான் கைவசம் என்றால் சாவரின் ஹில்லை மட்டும் முழுமையாகப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

பள்ளி விடுமுறை இல்லாத காலத்தில் சாவரின் ஹில்லைத் திங்கட்கிழமை மூடுவது உண்டு. சீட்டு வாங்கும் முன் அவர்கள் இணையதளத்தில் அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள். பள்ளி நாட்களில் மாணவர் குழுக்கள் வரும், ஆனாலும் வார இறுதியைவிடச் சற்று மூச்சுவிட இடம் கிடைக்கும். நம்ம வீட்டுப் பெரியவர்களோடு போவதென்றால் நான் புதன் அல்லது வியாழனைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பருவமும் முக்கியம். மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள். பல்லாரட் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மெல்போர்னில் ஸ்வெட்டர் போதும் என்றால் அங்கே ஜாக்கெட் வேண்டும். ஜூலையில் பகல் வெப்பநிலை 10 டிகிரியைத் தொட்டாலே பெரிது.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

*பழைய ஷூ.* தெருக்கள் மண்ணும் சரளையும்தான், தார் கிடையாது. கோடையில் புழுதி, குளிர்காலத்தில் சேறு. செருப்போடு வந்த பெரியவர்கள் சரிவில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

*ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக, ஒரு சிறு துண்டு.* ஓடையில் தங்கம் அரிக்கும்போது குழந்தைகளின் கால் நனையாமல் இருக்காது. நனைந்த சாக்ஸோடு மீதி நாளை ஓட்டும் குழந்தை உங்களையும் ஓட்டிவிடும்.

*மூடி இறுகும் சின்னக் கண்ணாடிப் புட்டி.* கிடைக்கும் தங்கத் துகளை வைக்க. அங்கேயும் விற்பார்கள். வீட்டில் ஹோமியோபதி மருந்துப் புட்டி இருந்தால் அதுவே போதும்.

*சாப்பாடு.* இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

*முன்பதிவு.* நுழைவுச் சீட்டோடு, வழிகாட்டியுடன் போகும் சுரங்கச் சுற்றுக்கும் நேரம் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். அது சீட்டில் அடக்கமா, தனிக் கட்டணமா என்பதும் அங்கே தெரிந்துவிடும். குழுவுக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு, அதனால்தான் கடைசியில் ஓடுகிறவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

முழங்கால் வலி உள்ளவர்கள் உடன் வந்தால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: இடம் முழுக்கச் சரிவு. ஓடை கீழே, குவார்ட்ஸ் (தங்கம் பொதிந்த வெள்ளைப் பாறை) சுரங்கம் மேட்டில். சக்கர நாற்காலி வேண்டுமானால் போவதற்கு முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு வையுங்கள். குழந்தை வண்டி கொண்டுபோனால் சக்கரம் பெரியதாக இருக்கட்டும்.

3. ரயிலா, காரா?

மெல்போர்னிலிருந்து ஏறத்தாழ 115 கிலோமீட்டர். காரில் மேற்கு நெடுஞ்சாலை வழியாக ஒன்றரை மணி நேரம். ரயிலில் சதர்ன் கிராஸ் நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய அதே நேரம். மைக்கி (விக்டோரியாவின் பொதுப் போக்குவரத்துப் பயண அட்டை) பல்லாரட் வரை செல்லும், தனிச் சீட்டு வேண்டாம். 2023 மார்ச் முதல் வட்டார ரயிலுக்கும், நகரத்துக்குள் ஒரு நாளைக்கு வாங்கும் உச்சவரம்புக் கட்டணமே என்பதால் ரயிலில் போவது மிகவும் மலிவு.

வார இறுதியில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், நேரம் கூடிவிடும். முந்தின இரவே பயணச் செயலியில் பார்த்துவிடுங்கள்.

நிலையத்திலிருந்து சாவரின் ஹில்லுக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம். பனின்யாங் போகும் 21-ஆம் எண் பேருந்து அந்த வழியாகப் போகும். நான்கு பேர் இருந்தால் டாக்சியே சௌகரியம். காலை பத்து மணிக்குள் வாசலில் நிற்பதுதான் இலக்கு. அதற்கேற்ற ரயிலைப் பிடியுங்கள்.

4. வாசலில் முதல் பத்து நிமிடம்

உள்ளே நுழைந்ததும் நடக்கத் தொடங்காதீர்கள். அன்றைய நிகழ்ச்சி நேரப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஓர் ஓரமாக உட்காருங்கள். சிவப்புச் சட்டை சிப்பாய்கள் அணிவகுப்பு, துப்பாக்கி வெடிப்பு, தங்கம் வார்த்தல், மிட்டாய் காய்ச்சுதல், வண்டிச் சக்கரம் செய்தல் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருக்கும்.

இவற்றில் மூன்றை மட்டும் பேனாவால் வட்டமிடுங்கள்: சுரங்கச் சுற்று, தங்கம் வார்த்தல், உங்கள் வீட்டுக் குழந்தை கேட்கும் ஏதாவது ஒன்று. எல்லாவற்றையும் பிடிக்க நினைப்பவர்கள் நாள் முழுக்க ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடுகிறார்கள்.

சுரங்கச் சுற்றை மதியம் பன்னிரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், தங்கம் வார்த்தலை அதற்குப் பின். காலை முழுக்க ஓடைக்கும், நீங்களே இறங்கிப் பார்க்கும் ரெட் ஹில் சுரங்கத்துக்கும் விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் துப்பாக்கி வெடிக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மெயின் தெருவில் இருக்க வேண்டாம், சத்தம் நெஞ்சை அதிர வைக்கும்.

5. நேராக ஓடைக்கு: தங்கம் அரிப்பது

எல்லோரும் மெயின் தெருவில் நிற்கும்போது நீங்கள் கீழே இறங்கிவிடுங்கள். காலையில் ஓடையோரம் கூட்டம் குறைவு. அங்கே கற்றுக்கொடுக்க நிற்கும் பணியாளர் உங்கள் பக்கத்திலேயே நின்று சொல்லித்தர நேரம் இருக்கும். தட்டும் மண்வெட்டியும் அங்கேயே கிடைக்கும்.

இந்த ஓடையில் தங்கத்தைக் கொண்டுவந்து தூவித்தான் வைக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். தூவியது நிஜத் தங்கம், எடுத்தது உங்களுக்கே. 1851 ஆகஸ்டில் இந்த வட்டாரத்து ஓடைகளில் தங்கம் கிடைத்தபோது செய்த அதே வேலையைத்தான் செய்யப்போகிறீர்கள்.

என் அம்மா முதல் முறை தட்டைக் கையில் வாங்கியதும் கேட்டார்: "இது அரிசியில கல் அரிக்கிறதுதானே?" ஆமாம், அதேதான். கல் அடியில் நிற்க, அரிசி மேலே மிதந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும் அல்லவா? இங்கே அரிசியின் இடத்தில் மணல், கல்லின் இடத்தில் தங்கம். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்குதான். ஆட்டினால் தங்கம் அடிக்குப் போயே தீரும். அரிசி அரித்துப் பழகிய கைக்கு இரண்டு தட்டில் பிடிபட்டுவிடும். மற்றவர்களுக்கு இந்த வரிசை:

*அள்ளுவது.* மேலாக இருக்கும் மணலை அள்ளாதீர்கள். அதை உங்களுக்கு முன் நூறு பேர் அலசியிருப்பார்கள். கனமான தங்கம் மண்ணுக்குள் இறங்கும் என்பதால் மண்வெட்டியை ஆழமாகக் குத்தி அடியிலிருந்து எடுங்கள். தட்டில் பாதிக்கு மேல் வேண்டாம்.

*ஊறவைத்துக் கலைப்பது.* தட்டைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, களிமண் கட்டிகளை விரலால் உடையுங்கள். கட்டிக்குள் ஒட்டிய துகள் கட்டியோடே போய்விடும். அன்றைக்குத் தங்கம் தேடியவர்களுக்கும் இதே தொல்லைதான். களிமண்ணைக் கரைக்கக் குதிரை சுற்றிவந்து இழுக்கும் பெரிய வட்டத் தொட்டிகளைக் கட்டினார்கள், அதையும் அங்கே காணலாம்.

*ஆட்டுவது.* தட்டு தண்ணீருக்குள்ளேயே இருக்க, இடவலமாக வேகமாகக் குலுக்குங்கள். இதுதான் தங்கத்தை அடிக்கு அனுப்பும் கட்டம். பத்து முறையாவது குலுக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான்.

*சரித்து வடிப்பது.* தட்டை முன்பக்கம் சற்றே சாய்த்து, மேல் சரளையைத் தண்ணீரோடு வழியவிடுங்கள். தட்டின் ஒரு பக்கத்தில் வரிவரியாக மடிப்பு இருந்தால் அந்தப் பக்கம் சாயட்டும், துகள் மடிப்பில் சிக்கும். பெரிய கற்களைக் கையால் எடுத்துப் போடுங்கள். பிறகு மீண்டும் குலுக்கல், மீண்டும் சரிப்பு. அப்படியே கடைசிவரை மாறிமாறி.

*கடைசிக் கரண்டி மணல்.* ஒரு மேசைக்கரண்டி அளவு கருமணல் மிஞ்சும்போது வேகத்தை விடுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு, தட்டை மெதுவாகச் சுழற்றினால் மணல் விசிறி போல விரியும். அதன் வால் பக்கம் மஞ்சள் புள்ளி ஒன்று அசையாமல் நிற்கும்.

மினுக்கும் எல்லாமே தங்கமா என்று சந்தேகம் வந்தால் தட்டை உங்கள் நிழலுக்குள் கொண்டுவாருங்கள். அப்பிரகம் வெயிலில் மட்டும் மினுங்கும், திருப்பினால் அணைந்துவிடும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சள்.

எடுப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. விரல் நுனியை நன்றாகத் துடைத்துக் காயவைத்துத் துகளின் மேல் அழுத்துங்கள், ஒட்டிக்கொள்ளும். புட்டியில் முன்பே தண்ணீர் நிரப்பியிருக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் விரல் நுனியைத் தொட்டதும் துகள் தானே கழன்று அடியில் போய் உட்காரும். காலிப் புட்டியில் தட்டிவிட முயன்று துகளைப் புல்லில் தொலைத்த குழந்தைகள் எத்தனையோ பேர்.

ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் விரல்கள் மரத்துப்போகும், நாளின் மீதியும் கரையும். இன்னும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு (பெரும்பாலும் அப்பாக்கள்) சாயங்காலம் அரை மணி தருவதாகச் சொல்லிக் கூட்டிவாருங்கள்.

6. அங்கிருந்து சீனர் முகாம்

ஓடைக்குப் பக்கத்திலேயே கூடாரங்களும் சிறு கோயிலும். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சீனர்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தங்கவயல்களுக்கு வந்தார்கள். 1855-இல் விக்டோரியா அரசு, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டது. வரிக்குத் தப்ப, பக்கத்துக் குடியேற்றமான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வந்தார்கள். அப்படி வந்தவர்கள் 16,000-க்கும் அதிகம்.

கடல் கடந்து பிழைக்கப் போன குடும்பங்களிலிருந்து வரும் நமக்கு இந்தக் கூடாரங்கள் வெறும் காட்சிப்பொருளாகத் தெரியாது. கால் மணி நேரமாவது நில்லுங்கள்.

7. ரெட் ஹில் சுரங்கம்

ஓடைத் தங்கம் சீக்கிரமே தீர்ந்தது. பிறகு ஏன் தோண்டினார்கள்? மிகப் பழங்காலத்தில் ஓடிய ஆறுகளும் தங்கத்தைக் கொண்டுவந்து படுகையில் சேர்த்திருந்தன. பின்னால் எரிமலைக் குழம்பும் மண்ணும் அந்தப் படுகைகளை மூடின. ஊரை ஒட்டித் தெரியும் பனின்யாங், வாரன்ஹீப் இரண்டும் அந்த எரிமலைகளே. அதனால் ஓடைத் தங்கமே இப்போது மண்ணுக்கடியில். காலையில் ஓடையில் அள்ளிய அதே சரளையைச் சுரங்கத்துக்குள் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இந்தச் சுரங்கத்துக்கு வழிகாட்டி வேண்டாம், நீங்களே இறங்கலாம். படிகள் உண்டு, உள்ளே குறுகல். முழங்கால் தாங்காதவர்களை வெளியே நிழலில் உட்காரவையுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

உள்ளே சொல்லப்படுவது வெல்கம் தங்கக்கட்டியின் கதை. 1858 ஜூன் 9 அன்று பல்லாரட்டின் பேக்கரி ஹில் பகுதியில், 55 மீட்டர் ஆழத்தில், கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர்கள் கண்டெடுத்தார்கள். எடை 69 கிலோ. அடுத்த ஆண்டு லண்டனில் உருக்கி நாணயமாக அடித்துவிட்டார்கள், நீங்கள் பார்ப்பது மாதிரிதான். அந்த மாதிரியின் முன்னால் உங்கள் புட்டியை எடுத்து ஒரு முறை பாருங்கள். ஒரு துகளுக்கு ஒரு மணி நேரம் குனிந்த முதுகுக்குத்தான் 69 கிலோவின் கனம் தெரியும். ஓடைக்கு முன்பே இங்கே வருபவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

8. சாப்பாட்டை எப்போது முடிப்பது

பதினொன்றே முக்காலுக்கு. பன்னிரண்டரை ஆனால் பேக்கரி வரிசை தெரு வரை நீளும்.

பேக்கரியில் இறைச்சி அடைத்த பை (pie), ரொட்டி, கேக் எல்லாம் கிடைக்கும். சைவத்துக்குத் தேர்வு கம்மி. எங்கள் வீட்டில் தயிர் சாதமும் புளியோதரையும் கட்டிக்கொண்டு போய்விடுவோம். உட்கார்ந்து சாப்பிட பெஞ்சுகள் உண்டு. குளிர் நாளில் பிளாஸ்க்கில் சுடச்சுட ரசமோ காப்பியோ இருந்தால் பெரியவர்கள் மதியத்துக்குப் பிறகும் தெம்பாக நடப்பார்கள்.

9. மேடு ஏறி குவார்ட்ஸ் சுரங்கம்

இப்போது மூன்றாவது கட்டம், வழிகாட்டியோடு போகும் சுரங்கச் சுற்று. ஆற்றுக்குத் தங்கம் எங்கிருந்து வந்தது? பூமிக்குள் ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸ் பாறை நரம்புகளிலிருந்து. ஓடையும் புதைந்த படுகையும் தீர்ந்தபின் அந்த மூலப் பாறையையே உடைக்கத் தொடங்கினார்கள். கோலார் தங்கவயலிலும் வெட்டியது இப்படிப்பட்ட குவார்ட்ஸ் நரம்பைத்தான்.

இதற்குத் தட்டும் மண்வெட்டியும் போதாது. ஆழக் குழி, நீராவி எந்திரம், பெரும் முதலீடு வேண்டும். தனியாளாகத் தேடியவர் கம்பெனிக் கூலியாளாக மாறியது இந்தக் கட்டத்தில்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

சாய்வுப் பாதையில் சிறு தண்டவாள வண்டி கீழே கொண்டுபோகும். இறங்கும்போது கும்மிருட்டு, பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது. இருட்டுக்குப் பயப்படும் குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள், திடீரென்று அலறினால் குழு முழுக்கக் கலங்கும். மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் மேலேயே இருப்பது நல்லது. தரை ஈரமாக இருக்கும், கைப்பிடியை விடாதீர்கள்.

மேலே வந்ததும் நீராவி எந்திரங்களையும் பாறை இடிக்கும் உலக்கை ஆலையையும் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகள் மாறிமாறி விழுந்து குவார்ட்ஸைப் பொடியாக்கும். நம் வீட்டு உரல் உலக்கை வேலையேதான், இங்கே கைக்குப் பதில் நீராவி. பொடியைத் தண்ணீரோடு பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஓடவிட்டால் தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரவும் பகலும் இந்தச் சத்தத்தில்தான் ஊர் தூங்கியது. அது ஓடும்போது இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்றாலே போதும், பேச்சு காதில் விழாது.

10. தங்கம் வார்த்தல், பிறகு மெயின் தெரு

பத்து நிமிடம் முன்னாடி போய் முன்வரிசையில் உட்காருங்கள். பின்னால் நின்றால் உலையின் வாய் தெரியாது. தங்கம் 1064 டிகிரியில் உருகும். ஏறத்தாழ மூன்று கிலோ தங்கம் தண்ணீர் போல வழிந்து அச்சில் விழுவதும், சிவப்பு அடங்கி மஞ்சள் வருவதும் சில நொடிகளில் முடிந்துவிடும். கேமராவை முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கண்ணால் மட்டும் பாருங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இதோடு தங்கத்தின் பாதை முடிந்தது. இனி மெயின் தெரு. மிட்டாய்க் கடையில் சிவப்பு ராஸ்பெரி மிட்டாய் காய்ச்சுவதைப் பாருங்கள், ஊருக்குக் கொண்டுபோக ஏற்ற பொருள். வண்டிச் சக்கரப் பட்டறையில் நீராவி எந்திரத்தால் ஓடும் பழைய கருவிகள் இருக்கின்றன. தச்சு, பட்டறை வேலை தெரிந்த அப்பாக்கள் அங்கிருந்து நகர மாட்டார்கள், அதற்கென்று அரை மணி ஒதுக்குங்கள். குதிரை வண்டிச் சவாரிக்குத் தனிச் சீட்டு.

மெயின் தெருவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கடை ஜன்னலில் தொங்கும் மண்வாரி, தட்டு, விளக்கு ஒவ்வொன்றும் எதற்கு என்று இப்போது உங்களுக்குத் தெரியும். காலையில் பார்த்திருந்தால் அவை வெறும் பழைய சாமான்.

11. இரண்டாம் நாள் காலை: யுரேகா மையம்

முதல் நாள் ஓடையோரம் போலீஸ் வேடத்தில் ஒருவர் உங்களிடம் "உரிமம் எங்கே?" என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியின் முடிவுதான் யுரேகா.

1851-இல் தங்கம் தோண்ட மாதம் 30 சில்லிங் உரிமக் கட்டணம் வைத்தார்கள். பின்னர் குறைத்தாலும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும் என்பது மாறவில்லை. 1854 நவம்பர் 29 அன்று தங்கம் தோண்டியவர்கள் பேக்கரி ஹில்லில் கூடி, நீலத்தில் வெள்ளைச் சிலுவையும் நட்சத்திரங்களும் தைத்த கொடியை ஏற்றினார்கள். அவர்களில் ஒருவரான பீட்டர் லாலர் தலைமையில் மரத்தடுப்பு கட்டி நின்றார்கள். டிசம்பர் 3 ஞாயிறு விடியும் முன் அரசுப் படை புகுந்தது, சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்தது. தோண்டுபவர்களில் 22 பேராவது இறந்தார்கள். ஒரு கையை இழந்த லாலர் அடுத்த ஆண்டே சட்டமன்ற உறுப்பினர் ஆனார். தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரும் விடுதலை. மாத உரிமம் போய், ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டும் உரிமை வந்தது.

அந்த நிஜக் கொடி யுரேகா மையத்தில் இருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள், துணி வெளிறக் கூடாது என்பதற்காக. உள்ளே போனதும் உடனே வெளியே வந்துவிடாதீர்கள். கண் பழக ஓரிரு நிமிடம் ஆகும், பிறகுதான் தையலும் கிழிசலும் தெரியும். ஓரங்கள் இல்லாமல் இருப்பதைக் கவனியுங்கள்: நினைவுக்காகப் பலர் வெட்டி எடுத்துப்போய்விட்டார்கள். எனக்கு இந்த ஊரிலேயே மனதை அசைத்தது இந்தத் துணிதான்.

சாவரின் ஹில்லுக்கு முன்பே இங்கே வந்தால் உரிமச் சண்டை வெறும் வரிச்சண்டையாகத் தோன்றும். ஒரு நாள் குனிந்து மணல் அலசியபின் வந்தால் கோபம் புரியும்.

12. மதியம்: லிடியார்ட் தெரு

ரயில் நிலையத்திலிருந்து தெற்கே நடந்தாலே போதும். நிலையமே 1862-இல் கட்டியது. வழியில் கலைக்கூடம், அதன் கட்டடம் 1890-இல் திறந்தது. அடுத்து தங்கச் சுரங்கப் பங்குகள் கைமாறிய சுரங்கப் பங்குச் சந்தைக் கட்டடம், 1888. ஸ்டர்ட் தெருவைத் தாண்டினால் 1875-இல் திறந்த ஹர் மெஜஸ்டிஸ் நாடக அரங்கம்.

ஓடையும் சுரங்கமும் கொடுத்த பணம் போய் நின்ற இடம் இது. நடக்கும்போது தரையையும் கவனியுங்கள். லிடியார்ட், ஸ்டர்ட் தெருக்கள் அளந்து போட்டவை, ஸ்டர்ட் தெரு 60 மீட்டர் அகலம். கிழக்கே இறங்கினால் மெயின் ரோடு வளைந்து நெளிந்து போகும். கூடாரங்களுக்கும் குழிகளுக்கும் இடையே ஆட்கள் நடந்து நடந்து விழுந்த தடம் அது, பிறகே தெருவானது. வரைபடத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஊர்கள் ஒட்டியிருப்பது தெரியும்.

கூரைகளும் மாடங்களும் எதிர்ப்புற நடைபாதையிலிருந்துதான் முழுதாகத் தெரியும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் நடங்கள்.

13. நேரம் மிஞ்சினால்

வெண்டூரி ஏரியும் அதன் கரையில் தாவரவியல் பூங்காவும். ஏரியைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் சமதளப் பாதை. முந்தின நாள் மேடு ஏறிய கால்களுக்கு இதமாக இருக்கும். மார்ச்சில் பிகோனியா மலர் விழா.

நிஜமாகவே தங்கம் தேட ஆசை வந்துவிட்டால் விக்டோரியாவில் "மைனர்ஸ் ரைட்" என்னும் உரிமம் வாங்க வேண்டும், பத்து ஆண்டுக்குச் செல்லும், இணையத்திலேயே கிடைக்கும். கைக்கருவி மட்டும்தான் பயன்படுத்தலாம். தேசியப் பூங்கா போன்ற தடைசெய்த இடங்களை முதலில் வரைபடத்தில் பாருங்கள். தோண்டிய குழியை மூடிவிட்டு வர வேண்டும். உரிமம் இல்லாமல் வழியில் தெரிந்த ஓடையில் தட்டோடு இறங்கிவிடாதீர்கள்.

14. கிளம்பும்போது

புட்டியின் மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றுங்கள். தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீருக்குள் இருந்தால்தான் துகள் கண்ணுக்குத் தெரியும், காய்ந்தால் கண்ணாடியில் ஒட்டிக் காணாமல் போகும். விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோகிறவர்களும் அப்படியே கொண்டுபோகலாம், சில துளித் தண்ணீர்தானே. என் அம்மாவின் புட்டி திருச்சியில் பூஜை அறை அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டி, அது அடியில் போய் உட்காரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்.